மதுரை மலிவான ஊரா?

சிம்மக்கல்,
மதுரை – 625001.
20.01.2026

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது.     

நீ அனுப்பிய அட்டவணையை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். சென்னை, கோவை, மதுரை என்று மூன்று ஊர். ஒவ்வொன்றுக்கும் வீட்டு வரி, வாடகை, சராசரி வருமானம். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து மதுரைக்கு முதலிடம் கொடுத்திருக்கிறாய். "அக்கா, கணக்கு சரிதானே, நாங்கள் கிளம்பி வரலாமா?" என்று கேட்டிருக்கிறாய். போனில் ரெண்டு வார்த்தையில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. அதனால்தான் கடிதம்.

கூட்டலில் பிழை இல்லை. ஆனால் டாலரில் சேர்த்த பணத்தோடு வருகிற உனக்கு மதுரை எவ்வளவு மலிவு என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. இங்கேயே சம்பாதித்து இங்கேயே செலவழிக்கிற குடும்பத்துக்கு இந்த ஊர் எப்படி என்பது அதில் இல்லை. விருந்தாளியாக வந்து போகிறவனுக்கு முதல் கணக்கு போதும். நீ குடியிருக்க வருகிறவன். பிள்ளைகள் இங்கே படித்து இங்கே வேலை தேடப் போகிறவர்கள். உனக்கு வேண்டியது இரண்டாவது கணக்கு.

முதலில் வரியை எடுத்துக்கொள்கிறேன். நீ இருக்கிற நியூ ஜெர்சியில் ஒரு வீட்டுக்குச் சராசரி சொத்து வரி 2024-இல் முதன்முறையாகப் பத்தாயிரம் டாலரைத் தாண்டியது. அதில் ஏறக்குறையப் பாதி பள்ளிக்கூடத்துக்கே போகிறது. மிச்சம் எடிசன் மாதிரி ஊராட்சிக்கும் மிடில்செக்ஸ் மாதிரி கவுண்டிக்கும். பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிற பக்கம் வீட்டு விலையும் கூடுதல், வரியும் கூடுதல். அதனால் அங்கே வரி, வீட்டு விலை, வருமானம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கவுண்டியின் ஜாதகமே தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் அப்படியே பார்த்துவிட்டாய்.

இங்கே வருமான வரி டெல்லிக்குப் போகிறது. மதுரைக்காரருக்கும் மும்பைக்காரருக்கும் ஒரே விகிதம். புதிய முறையில் வருஷத்துக்கு 12 லட்சம் வரை வரியே இல்லை என்பதால் சிம்மக்கல்லில் பெரும்பாலான வீடுகளில் அந்தப் பேச்சே எழாது. ஜிஎஸ்டி எல்லா ஊருக்கும் ஒன்று. தொழில் வரிக்கு வருஷம் 2,500 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று அரசியல் சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது. ஆக, ஊருக்கு ஊர் மாறுகிற வரி என்றால் மாநகராட்சி போடுகிற சொத்து வரிதான் பெரிது.

அது இங்கே குறைவு என்பது உண்மை. 2008-க்குப் பிறகு வருஷக்கணக்காக ஏற்றாமலே வைத்திருந்து 2022 ஏப்ரலில் ஏற்றினார்கள். மதுரை மாதிரி மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். சென்னையின் பழைய பகுதிகளில் இதுவே 50-இல் தொடங்கி 150 வரை போனது. அப்படி ஏறிய பிறகும் நம் வீட்டுக்கு நான் அரையாண்டுக்குக் கட்டுகிற தொகையைச் சொன்னால் நீ அதை ஒரு மாதத்து இண்டர்நெட் பில் என்று நினைப்பாய்.

ஆனால் வரி குறைவாக இருக்கிற ஊரில் அந்தச் செலவு இல்லாமல் போய்விடுவதில்லை, வேறு வாசல் வழியாக வீட்டுக்குள் வருகிறது. அங்கே நீ வரியாகக் கட்டிப் பிள்ளையைப் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்புகிறாய். இங்கே வரியைக் குறைவாகக் கட்டிவிட்டுத் தனியார் பள்ளிக்குக் கட்டணம் கட்டுகிறோம். குழாயில் வருகிற தண்ணீரைக் குடிக்கத் துணியாமல் கேன் வாங்குகிறோம். வைகை அணை 1959-இல் வந்தது. இன்றும் சிம்மக்கல்லில் தண்ணீர் வருகிற நாள் என்று ஒன்று உண்டு, அன்று விடிகாலையில் எழுந்து மோட்டார் போட வேண்டும். லோயர் கேம்பிலிருந்து குழாயிலேயே நாளுக்கு 12.5 கோடி லிட்டர் கொண்டுவருகிற முல்லைப் பெரியாறு குடிநீர்த் திட்டத்தைத்தான் ஊரே நம்பியிருக்கிறது. உன் அட்டவணையில் "வரி" என்ற இடத்தில் பள்ளிக் கட்டணத்தையும் கேன் தண்ணீரையும் சேர்த்து எழுது. மதுரை கொஞ்சம் கீழே இறங்கும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். வரி எல்லோருக்கும் குறைவா, கட்ட வேண்டியவர்கள் கட்டாததால் குறைவா? 2025-இல் மதுரை மாநகராட்சியில் வெளியே வந்த சொத்து வரி முறைகேட்டை நீயும் செய்தியில் படித்திருப்பாய். பெரிய கட்டடங்களுக்குக் கணினியில் வரியைக் குறைத்துப் பதிந்ததாக வழக்கு. அலுவலர்கள் கைதானார்கள். ஜூலையில் ஐந்து மண்டலத் தலைவர்களும் பதவி விலகினார்கள். குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். ஆனால் அதே மாதம் மத்திய அரசின் தூய்மைப் பட்டியல் வந்தபோது, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள 40 நகரங்களில் மதுரை 40-ஆவது இடம். இந்த இரண்டு செய்தியையும் தனித்தனியாகப் படிக்க எனக்கு மனசு வரவில்லை. குப்பை அள்ளுகிற காசும், பந்தல்குடிக் கால்வாயைத் தூர்வாருகிற காசும் இந்த வரியிலிருந்துதானே வர வேண்டும்? 2024 அக்டோபரில் ஒரு நாள் மழைக்கே வைகைக்கு அக்கரையில் அந்தக் கால்வாய் ஓடுகிற செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் போனது. குறைந்த வரிக்கு அந்த வீட்டுக்காரர்கள் கொடுத்த விலை, நனைந்துபோன கட்டிலும் கிரைண்டரும்.

வரியால் நடக்கிற நல்லதையும் சொல்ல வேண்டும். நாம் கட்டுகிற சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததால் உண்டான ஏற்பாடு அது. அந்த வகையில் நாட்டுக்கே வழிகாட்டிய சட்டம். நம் தெருமுனையைத் தாண்டினால் இருக்கிற மாவட்ட மைய நூலகம் அந்தக் காசில் நடப்பது. நீ போய் வருஷக்கணக்கு ஆகிறது, இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் பையன்களும் பெண்களும் நிற்கிறார்கள். கையில் தண்ணீர் பாட்டில், பையில் மதியச் சாப்பாடு, அடியில் குரூப் நான்கு தேர்வு வழிகாட்டி. கதவு திறந்ததும் காற்றாடிக்குக் கீழே உள்ள இடத்துக்கு விரைகிறார்கள். சாயங்காலம் வரை தலை நிமிர்வதில்லை. சோழவந்தான், மேலூர், உசிலம்பட்டி என்று காலைப் பஸ் பிடித்து வருகிறவர்கள் பாதிப் பேர். பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பதால் பல பெண்பிள்ளைகளால் தினமும் வர முடிகிறது. 2023 ஜூலையில் நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். அவ்வளவு பெரிய நூலகம் வந்த பிறகும் இங்கே கூட்டம் குறையவில்லை.

எனக்கு அந்தப் பிள்ளைகளைப் பார்க்கும்போது பெருமையாகவும் இருக்கிறது, வயிறும் எரிகிறது. பைசா வாங்காமல் உட்கார்ந்து படிக்க இடம் கொடுக்கிற ஊர் இது. பொறியியல் முடித்தவனுக்கு வேலை கொடுக்க முடியாமல் குரூப் நான்கு எழுத வைக்கிற ஊரும் இதுதான். வாழத் தகுந்த ஊரா என்று பார்க்க வருகிறவர்கள் இந்த வாசலில் அரை மணி நேரம் நின்றால் போதும்.

இனி வாடகை. உன் அட்டவணையில் மாத வாடகை மட்டும் போட்டிருக்கிறாய். மதுரையில் பாதி வீடுகளுக்கு வாசலில் தொங்குகிற அட்டை "ஒத்திக்கு" என்றுதான் சொல்லும். நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் கணக்கைப் பார். ஒரு போர்ஷனுக்கு ஆறு லட்சம் ஒத்தி என்று வைத்துக்கொள். குடி வருகிறவர் ஆறு லட்சத்தைக் கொடுத்துவிட்டு மூன்று வருஷம் வாடகை இல்லாமல் இருப்பார். காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்பி வரும். அதே பணத்தை அவர் வங்கியில் ஏழு சதவீதத்துக்குப் போட்டால் மாதம் 3,500 ரூபாய்தான் வட்டி. அந்த 3,500-க்கு 7,000, 8,000 பெறுமான வீடு கிடைக்கிறது. வீட்டுக்காரரோ வெளியில் வாங்கினால் ஒரு ரூபாய் வட்டி, மாதம் 6,000. நெருக்கடியில் இரண்டு ரூபாய் வட்டியும் கொடுத்திருப்பார். அவருக்கு ஒத்திப்பணம் கடனை அடைக்கிற பணம். வங்கி கொடுக்கிற வட்டிக்கும் ஊர் வாங்குகிற வட்டிக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் இந்த ஏற்பாடே நிற்கிறது.

ஆனால் அந்த ஆறு லட்சம் எங்கிருந்து வரும்? கல்யாணத்துக்குப் போட்ட நகை அடகுக்குப் போகும். அப்போது வட்டி நகைக்கடனில் போகும், "வாடகை இல்லை" என்பது பேச்சளவில்தான். கெடு முடிந்தால் வீட்டுக்காரர் அடுத்த ஒத்திக்காரரைப் பிடித்துத்தான் பழைய ஒத்திக்காரருக்குப் பணம் கொடுப்பார். ஆள் கிடைக்கவில்லை என்றால் இழுபறி. பெரும்பாலும் பதிவு செய்யாத பத்திரம், அதனால் சண்டை வந்தால் கோர்ட்டுக்குப் போகவும் கை தயங்கும். 2017-ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. இங்கே இன்றும் பத்து மாத அட்வான்ஸைச் சாதாரணமாகக் கேட்கிறார்கள். குடியிருப்பவர்கள் வாய் திறப்பதில்லை, வேறு வீடு கிடைக்காதே என்ற பயம்.

மத்திய அரசு தன் ஊழியர்களுக்குக் கொடுக்கிற வீட்டு வாடகைப் படியில் சென்னை முதல் வகை, அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம். மதுரையும் கோவையும் இரண்டாம் வகை, 20 சதவீதம். கோவைக்கும் மதுரைக்கும் நடுவே நீ இவ்வளவு வித்தியாசம் போட்டிருக்கிறாயே, சர்க்கார் இரண்டையும் ஒரே தட்டில்தான் வைத்திருக்கிறது.

சராசரி வருமானத்தில்தான் நீ பெரிய இடத்தில் வழுக்கியிருக்கிறாய். தமிழ்நாட்டின் தனிநபர் வருமானம் 2022-23-இல் 2.78 லட்சம், இந்திய சராசரியோ 1.69 லட்சம். நாம் பெருமைப்பட வேண்டிய எண்தான். அதை வைத்து நாலு பேர் குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு என்று போட்டுப் பார்த்தேன். 92,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. அதே வருஷம் மத்திய அரசு வீடு வீடாகப் போய் எடுத்த செலவுக் கணக்கில், தமிழ்நாட்டு நகரங்களில் ஒரு ஆள் மாதம் செலவழிப்பது 7,630 ரூபாய். நாலு பேருக்கு முப்பதாயிரத்துச் சொச்சம். 92,000 எங்கே, 30,000 எங்கே? மிச்சமெல்லாம் சேமிப்பு என்று எண்ணிவிடாதே. முதல் எண் மாநிலத்தில் விளைந்த மொத்தத்தைத் தலைக்கணக்கில் வகுத்தது. கம்பெனி லாபமும் அதில் உண்டு, ஸ்ரீபெரும்புதூர்க் கார் தொழிற்சாலையும் அதில் உண்டு. இரண்டாவது எண்தான் வீட்டுக்குள் நடக்கிறது. ஒரு ஊரை எடைபோட நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

நம் மாடியில் குடியிருக்கிறவர்களையே எடுத்துக்கொள். அவர் கீழமாசி வீதியில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறார், பதினெட்டாயிரம். அவர் மனைவி தனியார் பள்ளியில் டீச்சர், ஒன்பதாயிரம். பி.எட். படித்த பெண்ணுக்கு ஒன்பதாயிரம்! ஆக 27,000. நமக்கு வாடகை எட்டாயிரம். இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம், வேன், நோட்டுப் புத்தகம் எல்லாம் மாதத்துக்கு வகுத்தால் ஆறாயிரம். மளிகை, பால், காய்கறி ஒன்பதாயிரத்துக்குக் குறையாது. கரண்ட், கேஸ், கேன் தண்ணீர், போன் இரண்டாயிரம். மிச்சம் இரண்டாயிரம். அதற்குள் வண்டிக்குப் பெட்ரோல், ஒரு மொய், ஒரு காய்ச்சல். போன வருஷம் அவருக்குச் சென்னையில் ஒரு கடையில் இருபத்தி நாலாயிரத்துக்குக் கூப்பிட்டார்கள். வாடகை விசாரித்துவிட்டு வந்து வேண்டாம் என்றுவிட்டார். கூடுதலாகக் கிடைக்கிற ஆறாயிரத்தை வீட்டு வாடகையே தின்றுவிட்டு இன்னும் கேட்கும் என்றார். அவர் கணக்கு சரி. அவர் மாதிரி சம்பளக்காரருக்குச் சென்னையைவிட மதுரையில் மாசக் கடைசி கொஞ்சம் சுலபம்.

அந்த 27,000-க்கு வெளியே ஊரும் அரசும் கொடுப்பதையும் சேர்த்தால்தான் அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று புரியும். ரேஷனில் அரிசிக்கு விலை கிடையாது. இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் மின்சாரம் இலவசம். பெண்கள் பஸ்ஸில் இலவசமாகப் போவதால் ஒருத்திக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழு சொல்லியிருக்கிறது. மாடி வீட்டுப் பெண்ணுக்கு அது மாதத்தில் மிஞ்சுகிற பணத்தில் கிட்டத்தட்டப் பாதி என்று பார். காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பரில் மாநிலத்துக்கே தொடங்கி வைத்தது நம் பக்கத்து ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான். ஆற்றைத் தாண்டினால் அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி. அண்ணா நகரில் அரவிந்த் கண் மருத்துவமனை, 1976-இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது. இன்றைக்கும் கையில் காசில்லாதவருக்கும் அங்கே கண் ஆபரேஷன் நடக்கிறது. இதையெல்லாம் ரூபாயாக மாற்றி "வருமானம்" என்ற பத்தியில் போட வேண்டும், தம்பி. போட்டால் மதுரை மறுபடி மேலே ஏறும். அக்கா ஏற்றியும் இறக்கியும் குழப்புகிறாள் என்று நினைக்காதே. ஊர் அப்படித்தான் இருக்கிறது.

மத்திய அரசே 2020-க்கு ஒரு "எளிதில் வாழும் நகரங்கள்" பட்டியல் போட்டது. பத்து லட்சத்துக்கு மேல் உள்ள நகரங்களில் பெங்களூரு முதல், சென்னை நாலாவது, கோவை ஏழாவது. முதல் பத்தில் மதுரை இல்லை. அதில் பொருளாதாரத்துக்குக் கொடுத்தது நூற்றுக்குப் பதினைந்து மதிப்பெண்தான். மக்களையே கேட்டுப் போட்டது முப்பது. எனக்கு அந்தப் பங்கீடு பிடித்திருந்தது, மதுரைக்கு இடம் கிடைக்கவில்லை என்றாலும். உன் அட்டவணையில் மக்களைக் கேட்கிற பத்தியே கிடையாது.

நிலம் வாங்கலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறாய். இதைப் பற்றி நான் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் பேசுவேன். மீனாட்சி கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்று 1997-இலிருந்து விதி. கோபுரம் மறையாமல் இருக்க அது வேண்டியதுதான். ஆனால் அதனால் சிம்மக்கல்லில் வீடு அதற்கு மேல் வளர முடியாது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து வெளி வீதிகளை உண்டாக்கினார், ஊர் அப்போது ஒரு சுற்று அகன்றது. இப்போது ஊர் அகலுவதெல்லாம் ஒத்தக்கடை, ஊமச்சிகுளம், நாகமலை புதுக்கோட்டைப் பக்கம். அங்கே பிளாட் வாங்குகிறவர்களில் குடியிருக்க வாங்குகிறவர் எத்தனை பேர்? வெளிநாட்டிலிருந்தும் சென்னையிலிருந்தும் பணம் அனுப்பிக் கல் ஊன்றிப் போட்டுவிட்டு விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார்கள். வேலிக்காத்தான் வளர்கிறது. சென்ட் விலை ஏறுகிறது. மாடி வீட்டுக் கணக்குப்பிள்ளை தன் ஆயுளில் ஒரு மூன்று சென்ட் வாங்கிவிடலாம் என்று போட்ட திட்டம் அந்த ஏற்றத்தில்தான் அடிபட்டுப் போகிறது. நீ வாங்கிப் போட்டாயானால் அந்த ஏற்றத்தில் உனக்கும் ஒரு பங்கு உண்டு. 2023 ஏப்ரலிலிருந்து பத்திரச் செலவு வழிகாட்டி மதிப்பில் ஒன்பது சதவீதம். நாற்பது லட்சத்து இடத்துக்கு 3,60,000 பத்திர ஆபீசிலேயே போய்விடும். அந்தப் பணத்தில் இங்கே ஏறக்குறைய நாலு வருஷம் நல்ல வாடகை வீட்டில் இருக்கலாம்.

மெட்ரோ வரும், அதனால் விலை ஏறும் என்று உன் நண்பர் சொன்னாராம். திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை 32 கிலோமீட்டர்த் திட்டத்தை மத்திய அரசு போன நவம்பரில் திருப்பி அனுப்பிவிட்டது. இருபது லட்சம் மக்கள் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அந்த எண்ணிக்கை 2011 சென்சஸிலிருந்து எடுத்தது. பதினைந்து வருஷத்துக்கு முந்தைய தலைக்கணக்கை வைத்து இன்றைய ஊரை அளந்திருக்கிறார்கள். எனக்குக் கோபம்தான். ஆனால் கோபத்தை நம்பி நிலம் வாங்க முடியாது.

என் முடிவைச் சொல்கிறேன். வெளியூர்ச் சம்பளத்தில் வாழ மதுரை அருமையான ஊர். உள்ளூர்ச் சம்பளத்தில், பதினெட்டாயிரம் இருபதாயிரம் வாங்குகிறவர்களுக்கு, மூச்சு முட்டினாலும் மூழ்கடிக்காத ஊர். படித்துவிட்டு நடுத்தரமான வேலை தேடுகிற பிள்ளைகளுக்குப் பஸ் ஏறச் சொல்கிற ஊர். டிவிஎஸ் 1911-இல் இங்கேதான் தொடங்கியது. ஹார்வி மில்லும் ஃபென்னர் கம்பெனியும் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்டன. அதற்குப் பிறகு அந்த அளவுக்கு ஒன்றும் வரவில்லை. மாட்டுத்தாவணியில் டைடல் பூங்காவுக்கு 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அது நிறைந்தால் நூலக வாசலில் கூட்டம் கொஞ்சம் குறையும் என்று ஆசைப்படுகிறேன்.

ஆகையால் நீ வா. கட்டாயம் வா. ஆனால் சேர்த்த பணத்தின் வட்டியில் மலிவாக உட்கார்ந்து சாப்பிட வராதே. உன் தொழிலை இங்கே கொண்டுவந்து ஐந்து பேருக்காவது சென்னைச் சம்பளம் கொடு. அந்த ஐந்து பேரையும் நம் நூலக வாசலிலிருந்தே எடுக்கலாம். பிளாட் வாங்காதே. நம் வீட்டுக்கு மேல் ஒரு தளம் எடுக்க 9 மீட்டருக்குள் இடம் இருக்கிறது. வரைபட அனுமதி வாங்கிக் கட்டிக்கொள். மாடியில் இருக்கிறவர்களைக் கிளப்ப நான் சம்மதிக்க மாட்டேன். அவர்கள் பெரிய பெண்ணுக்கு அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு.

கட்டி முடித்ததும் புதுத் தளத்தை அளந்து வரி போடச் சொல்லி மாநகராட்சிக்கு நானே எழுதிக் கொடுப்பேன். அளவைக் குறைத்துக் காட்டலாம், தெரிந்த ஆள் இருக்கிறார் என்று யாராவது உன்னிடம் சொன்னால் போனை வைத்துவிடு. அரையாண்டு வரியை ஏப்ரல் 30-க்குள் கட்டினால் ஐந்து சதவீதம் கழிவு உண்டு. இதற்கெல்லாம் சரி என்றால் அதற்குள் பதில் எழுது.



அன்புடன்,
அக்கா